ஆல்ட்டர்

பதினாறு வருசமாக என் வேலை
பிழை பார்ப்பது.
டியூப்லைட்டுக்கு அடியில் பனியனை விரித்து
தோள், கழுத்து, கைமடி, அடிமடி என்று
விரல் ஓட்டினால் போதும்,
தையல் தாண்டின இடத்தில் விரலே நின்றுகொள்ளும்.
அங்கே ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
ஒன்றரை ஷிப்ட்டில் எழுநூறு பீஸ்.
"லீதியாள் கையில எதுவும் தப்பாது"
மேனேஜரே சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஐக்கியத்தில்
ஜெபக்குறிப்பு ஏறெடுப்பதும் நான்தான்.
போன மாதம், கண்ணை மூடி,
குரலைக் கொஞ்சம் உடைத்துக்கொண்டு, வேண்டினேன்:
ஆண்டவரே, வீரபாண்டிப் பிரிவில் இருக்கும் எங்கள் சகோதரியின் மகள்
வீட்டைவிட்டுப் போய்விட்டாள்,
யாரோடு என்று உமக்குத் தெரியும்.

வீரபாண்டிப் பிரிவில் எங்கள் சபைக்கு ஒரே குடும்பம்.
ஆமென் சொன்ன இருபது வாயும்
டவுன் பஸ் வருமுன்னே அதைத்தான் பேசின.

திங்கட்கிழமை, டீ டைம்.
பிசிறு வெட்டுகிற பெர்சியாள்,
வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாதவள்,
டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:
"தப்பா நெனைக்காதீங்க்கா.
நேத்து நீங்க பண்ணுனது ஜெபமில்லீங்.
ஆண்டவருக்குத் தெரிஞ்ச சங்கதிய
எங்களுக்குத்தானுங்க சொன்னீங்க."

கடிந்துகொள்ளுதல் தலைக்கு எண்ணெய் மாதிரி என்று
எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன்.
கண்ணில் மிளகாய் தெறித்த மாதிரிதான் இருந்தது.
பொழுதோடவரைக்கும்
அவள் வெட்டிய கட்டையே தேடி எடுத்தேன்.
நூல் நீண்டிருந்தால் அம்பு.
நீளாவிட்டாலும் அம்பு.
அவள் கம்முனு வாங்கிக்கொண்டு போய்
ஒவ்வொன்றாய்த் திரும்பப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சேலையை மடிக்கும்போது
முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது ஓர் அம்பு.
இதை ஒரு சாட்சியாகச் சபையில் சொன்னால்
நன்றாக இருக்கும் என்றுதான்
முதலில் தோன்றியது.
அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.
முழங்காலில் நின்றேன்.
வாயில் வந்ததெல்லாம் அடுத்தவர் பெயர்.
என் பெயர் வர
மணி ரெண்டாயிற்று.

எங்கள் கம்பெனியில் அம்பு ஒட்டின பீஸை யாரும் எறிவதில்லை.
ஆல்ட்டர் என்று டெய்லரிடம் திரும்பிப் போகும்.
பிரிப்பார்கள்; அதுதான் கொஞ்சம் பார்க்கச் சகிக்காது.
பிறகு தைப்பார்கள்.
யார் கண்ணிலும் படாமல் அட்டைப்பெட்டிக்குள் போனதுதான்
கடல் தாண்டிப் போய், திரும்பி வந்து,
காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடக்கும்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு
வீரபாண்டிப் பிரிவுக்குப் போனேன்.
சுகிர்தம் கேட்டைத் திறக்கவில்லை.
கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.
கண்ணைத் திறந்துகொண்டு பேச
எனக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது,
திக்கித் திக்கித்தான் வந்தது.
"சரீங். நீங்க போங்க" என்றாள்.
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அவள் வாசலில் என்ன பார்த்தேன் என்பதை
இங்கே எழுதப் போவதில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி
நொய்யல் பாலத்தை நடந்தே கடந்தேன்.
தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை,
நிறமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.
குப்பையைச் சுற்றி, தூணைச் சுற்றி, நின்று நின்று,
கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை
என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்
பெர்சியாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"இன்னும் ஏதாச்சும் இருந்தாச் சொல்லு சாமி" என்றேன்.
அவள் டீயை ஊதினாள்.
"இருக்குதுங்க்கா" என்றாள்.
சிரிக்கவில்லை.